மஞ்சள் கட்டத்துக்குள் ஒரு வாழ்த்து

அவருக்கு 'இல்லை' என்ற வார்த்தை வராது. திக்குவாய் எல்லாம் கிடையாது. மற்ற வார்த்தைகள் எல்லாம் சரளமாக வரும். 'இல்லை' வரவேண்டிய இடம் நெருங்கினால் மட்டும் தொண்டையைச் செருமுவார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், "பார்க்கலாம்" என்பார், "செஞ்சிடலாம்" என்பார். எதுவும் கைகொடுக்காவிட்டால் சிரிப்பார். எங்கள் கம்பெனியில் அவருக்குக் கொடுத்திருந்த வேலை என்ன தெரியுமா? இணையத்தில் ஆட்கள் நிரப்பும் ஃபாரத்தைப் பார்த்து, தப்பாக இருந்தால் 'இல்லை, முடியாது' என்று திருப்பி அனுப்பும் புரோகிராமை எழுதுவது.

இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருந்தன என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை. அதனால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அன்றைக்கு நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறை. மதியம் பன் வேகும் வாசனை வந்தால் யாருக்கும் வேலை ஓடாது. நான் டிப்ளமோவைப் பாதியில் விட்டவன். பாதி என்பதே கொஞ்சம் தாராளமான கணக்கு. கஸ்டமர் போன் பண்ணினால் எடுத்துப் பேசுவதும், புது ஃபாரம் வெளியே போகும் முன் அதில் கண்டதையும் தட்டிப் பார்ப்பதும் என் வேலை. கண்டதைத் தட்டுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று எங்கள் அம்மா நம்பவே இல்லை.

அவர் எனக்கு எதிர் மேஜை. நான் அண்ணா என்று கூப்பிடுவேன். கல்யாணம் ஆகவில்லை, நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். வீடு பொழிச்சலூர். அவர் வீட்டிலிருந்து போன் வந்தால் பேச்சு நடுவில் அப்படியே நிற்கும். தலைக்கு மேல் விமானம் போகிறது என்று அர்த்தம். போனதும் விட்ட இடத்திலிருந்து அவருடைய அம்மா தொடர்வார். அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்கு அண்ணாதான் செயலாளர். ஆசைப்பட்டு ஆகவில்லை. கூட்டத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார், தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

ஷேர் ஆட்டோவில் அவரோடு போக வேண்டும். தாம்பரத்தில் ஏறுவோம். "சார், கொஞ்சம் தள்ளிக்கோ" என்று ஒருவர் ஏறுவார். தள்ளுவார். "அண்ணே, லேசா" என்று இன்னொருவர். அதற்கும் தள்ளுவார். சேலையூர் வருவதற்குள் இவருக்கு இடமே இருக்காது. இறங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து "நீ போடா, நான் பின்னாடி வர்றேன்" என்பார். காசு கொடுத்து ஏறிய ஆட்டோவிலிருந்து தன்னைத்தானே இறக்கிவிட்டுக்கொண்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கிரெடிட் கார்டு விற்கும் பெண் ஒருத்தி அவருக்கு வாரம் தவறாமல் போன் பண்ணுவாள். இவர் கார்டும் வாங்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளுக்குச் சளி பிடித்திருந்தால் கஷாயம் சொல்வார். ஒருநாள் அவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தபோது கேட்டேன். அந்தப் பெண் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"சார், ப்ளீஸ் சார், வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் உங்க பேரை எடுத்துடறேன். எனக்கும் நிம்மதி."

"பார்க்கலாம்மா," என்றார்.

அவர் போனை வைத்ததும் நான் கேட்டேன். "அண்ணா, அந்தப் பொண்ணு உன்னால வேலையை விட்டுடும். ஒரு 'வேணாம்' சொன்னா இன்னா கெட்டுப் போவுது?"

"மனசு கஷ்டப்படும்டா."

"அதுக்கா, உனக்கா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்போதுதான் மண்டப வேலை வந்தது. ஒரு முதலாளிக்கு இரண்டு கல்யாண மண்டபம். பெரியது எங்கள் சந்திப்பிலிருந்து கூப்பிடு தூரம். சின்னது மாடம்பாக்கத்தில் சிவன் கோயிலுக்குப் போகும் வழியில். ஆட்கள் வீட்டிலிருந்தே தேதி பார்த்துப் பதிவு செய்ய ஒரு வெப்சைட் வேண்டும் என்றார். ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் செய்வது என்று முடிவாயிற்று.

"இன்னாண்ணா, செக் பண்றதெல்லாம் ஜாவாலயே ரெடியா கீதாமே," என்றேன். "அதை எடுத்து ஒட்டிட்டு வூட்டுக்குப் போவியா?"

"ரெடியா இருக்கறது பொதுவான விஷயத்துக்குடா. பேரைக் காலியா விடக்கூடாது, போன் நம்பர்ல எழுத்து வரக்கூடாது, அந்த மாதிரி. நம்ம ஊர் கல்யாணம் அதுக்குத் தெரியாது."

"அப்படி இன்னா தெரியாது?"

"வியாழக்கிழமை முகூர்த்தம்னா மண்டபம் புதன்கிழமை மத்தியானமே வேணும். மாப்பிள்ளை அழைப்பு, ரிசப்ஷன் எல்லாம் முந்தின நாள் சாயங்காலம்தானே? அப்ப புதன்கிழமை தாலி கட்டினவங்க பந்தி முடிச்சு எப்பக் காலி பண்ணுவாங்க? ஒரு தேதியைப் பார்த்தா போதாது, அதுக்கு முன்னாடி நாளையும் பின்னாடி நாளையும் சேர்த்துப் பார்க்கணும். இதை ஜாவாவுக்கு யாரு சொல்லுவா? நாமதான் தனியா ஒரு ஆளை எழுதி வாசல்ல நிக்க வைக்கணும்."

அந்த ஆளை ஒரே மதியத்தில் எழுதிவிட்டார். ஃபாரத்தின் தலையில் '@' போட்டு அவரே வைத்த ஒரு பெயரை ஒட்டினார். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சின்ன கிளாஸ், அதாவது ஒரு துண்டு புரோகிராம். அதற்குள் ஒரே கேள்வி: இது செல்லுமா? பதில் இரண்டில் ஒன்று: ட்ரூ என்றால் செல்லும், ஃபால்ஸ் என்றால் செல்லாது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருடைய விரலையே பார்த்தேன். ஃபால்ஸ் என்று அடிக்கும்போது ஒரு தயக்கமும் இல்லை. வாயில் வராதது விரலில் சரசரவென்று வந்தது. அப்படியானால் உள்ளே எங்கேயோ இருக்கத்தான் செய்கிறது, வெளியே வரும் வழிதான் அடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அடுத்த வரியைப் பார்த்துக் குழம்பினேன்.

"அண்ணா, தேதியையே போடாம காலியா வுட்டா ட்ரூன்னு போட்டுக்கீறியே. தப்பாச்சே."

"அதான்டா முறை. கட்டம் காலியா இருக்கான்னு பார்க்கறதுக்கு வேற ஆள் இருக்கார். நம்ம ஆள் எழுதினதை மட்டும்தான் பார்ப்பார். ஒண்ணும் எழுதலேன்னா சரின்னு விட்டுடணும்."

"ஒண்ணும் சொல்லலேன்னா சரின்னு அர்த்தமா?"

"ஆமா."

"இப்படித்தான் உன்னை செகரட்டரி ஆக்கினாங்க."

சிரித்தார். அவர் சிரித்தால் பதில் முடியவில்லை என்று அர்த்தம். அல்லது முடிந்துவிட்டது என்று அர்த்தம். இதிலும் எனக்குக் குழப்பம்தான்.

கிளாஸ் ஒரு மதியம். மெசேஜுக்குத்தான் வாரக்கணக்கு. ஃபாரம் செல்லாவிட்டால் ஆளுக்கு என்ன காட்ட வேண்டும் என்பதைத் தனியாக ஒரு ஃபைலில் எழுதி வைக்க வேண்டும். மற்ற கம்பெனிகளில் இதைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள்: தவறான தேதி, தவறான எண். இவர் ஒவ்வொன்றையும் மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதும் கடிதம் மாதிரி எழுதினார். 'தவறு' என்ற சொல்லே கூடாது என்றார். அவர்கள் வீட்டில் அரிசி தீர்ந்துபோனால்கூட அவருடைய அம்மா 'அரிசி இல்லை' என்று சொல்லமாட்டாராம், 'நிறைஞ்சிருக்கு' என்பாராம். அந்த வளர்ப்பு.

நான் சோதித்துப் பார்க்கும் சாக்கில் அவரைச் சீண்டிக்கொண்டே இருந்தேன். பிப்ரவரி முப்பது என்று போட்டேன். 'தாங்கள் குறித்த நாள் நாட்காட்டியில் இன்னும் இடம்பெறக் காத்திருக்கிறது' என்று வந்தது. விருந்தினர் எண்ணிக்கையில் பூஜ்யம் போட்டேன். 'தங்கள் எளிமை போற்றத்தக்கது. மணமக்களையாவது சேர்த்துக்கொள்ள வேண்டுகிறோம்' என்று வந்தது. நான் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தேன். அவர் கோபப்படவில்லை. "நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

கடைசியில் நிறத்துக்கு வந்தார். தப்பு என்றால் சிவப்பு, அது உலக வழக்கம். இவருக்குச் சிவப்பு மனசுக்கு ஒப்பவில்லை.

"கல்யாணத்துக்கு வர்றவங்க முகத்துல சிவப்பு விளக்கைக் காட்டுவியா?" என்று என்னையே கேட்டார். மஞ்சள் ஆக்கினார். வெறும் மஞ்சள்கூட இல்லை, பத்திரிகையின் நான்கு மூலையிலும் தடவுவார்களே, அந்த மஞ்சள்.

கேட்ட தேதி ஏற்கெனவே போய்விட்டது என்றால் அந்த மஞ்சள் கட்டத்துக்குள் இப்படி வரும்: 'தங்கள் இல்லத் திருமணம் சீரும் சிறப்புமாக நடைபெற எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள். தாங்கள் விரும்பிய நாளில் வேறொரு இல்லத்தாரின் திருமணம் நம் மண்டபத்தில் முன்பே அமைந்துவிட்டது. மற்றொரு நல்ல நாளில் தங்களை வரவேற்க ஆவலுடன் காத்திருக்கிறோம்.' தேதி கிடைத்துவிட்டால் என்ன வரும்? 'பதிவாகிவிட்டது.' அவ்வளவுதான், அதுவும் சின்ன எழுத்தில்.

"ஆமான்றதுக்கு ஒரு வரி, இல்லன்றதுக்கு ஒரு லெட்டரா?" என்றேன். "துரத்தி விடறவனுக்கு மாலை, உள்ள வர்றவனுக்கு டோக்கனா?"

"கிடைச்சவங்களுக்குச் சந்தோஷம் ஏற்கெனவே இருக்கும்டா. கிடைக்காதவங்களுக்குத்தான் வார்த்தை வேணும்."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. வெப்சைட் வெளியே போயிற்று. மண்டப முதலாளி கைதட்டினார். நாங்கள் கீழே இறங்கிப் பன் சாப்பிட்டோம்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில், கையில் துணிப்பை நிறையக் கல்யாணப் பத்திரிகையோடு ஒருவர் மாடி ஏறி வந்தார். வேர்த்துக் கொட்டியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"யாருப்பா இந்த ஃபாரம் எழுதினது?"

"இன்னா சார் விஷயம்?"

போனை நீட்டினார். மஞ்சள் கட்டத்தைப் படம் எடுத்து வைத்திருந்தார்.

"எனக்கு வாழ்த்து சொல்லியிருக்கீங்க. எங்க ஃபேமிலி குரூப்ல போட்டேன். எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. பத்திரிகை அடிச்சு ஊர் பூராக் கொடுத்தாச்சு. முன்பணம் நேர்ல கட்டலாம்னு போட்டிருந்தீங்களேன்னு இன்னிக்குப் போறேன், மேனேஜர் வேற ஒருத்தர் பேரைக் காட்டறார். என் பொண்ணு கல்யாணம்பா. மூணு வாரம்கூட இல்ல."

போனை வாங்கிப் பார்த்தேன். "அது வந்து சார், தேதி கிடைக்கலன்றதைத்தான் அதுல..."

"எங்க சொல்லியிருக்கு?"

"ரெண்டாவது வரில சார்."

"வாழ்த்துன்னு ஆரம்பிச்சா யாருப்பா ரெண்டாவது வரிக்குப் போவா? மஞ்சக் கலர்ல வேற இருக்கு. இல்லைன்னா இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே. எதுக்கு வாழ்த்து சொன்னீங்க?"

அண்ணா தன் இடத்திலிருந்து எழுந்து வந்தார். பெண்ணின் அப்பா முன்னால் நின்றார். "தண்ணி சாப்பிடுங்க சார்," என்றார்.

அன்றைக்குப் பூராவும் போனில்தான் இருந்தார். சாயங்காலம் ஒரு வழி கிடைத்தது. மாடம்பாக்கத்துச் சின்ன மண்டபத்துக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று மண்டப முதலாளி அந்தத் தேதியைக் காலியாக வைத்திருந்தார். பெயின்ட்டைத் தள்ளிப்போட ஒப்புக்கொண்டார். அதே தேதி, அதே முகூர்த்தம். பெண்ணின் அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பாதி மூச்சுதான்.

"எங்க ஆளுங்களுக்கு நான் போன் பண்ணிடுவேன். சம்பந்தி வீட்டுக்கு எப்படிச் சொல்வேன்? திருநெல்வேலி ஆளுங்க. ஒரு மண்டபம் ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதவன்னு நினைச்சுட்டா என் பொண்ணு அங்க போய் எப்படி இருப்பா? நீங்க பேசுங்க சார். நீங்க செஞ்சதுதானே."

அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். "பேசிடறேன் சார்," என்றார்.

பேசினார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மாப்பிள்ளையின் அப்பாவிடம் முதலில் உடம்பை விசாரித்தார். பிறகு அங்கே மழை உண்டா என்று கேட்டார். பெண் வீட்டாரின் நல்ல குணங்களைச் சொன்னார். மாடம்பாக்கம் கோயிலின் பழமையைச் சொன்னார். அந்தக் கோயில் பக்கத்தில் தாலி கட்டுவது எவ்வளவு விசேஷம் என்றார். வேனை அங்கேயே நேராக விடச் சொன்னார். அந்தப் பக்கம் "ரொம்ப சந்தோசம்யா" என்று சொல்வது எனக்கே கேட்டது.

"அண்ணா, மண்டபம் மாறிடுச்சுன்னு சொன்னியா?"

"சொன்னேனே."

"எப்போ?"

"நடுவுலடா. வேனை அங்க விடச் சொன்னேன்ல."

"பழைய மண்டபத்துல கல்யாணம் இல்லன்னு சொன்னியா?"

"அதான் புரிஞ்சிருக்குமே."

புரிந்ததா, புரியவில்லையா? எனக்கு அவர் பேசியதே புரியவில்லை, அவர்களுக்குப் புரிந்ததா என்று நான் எப்படிச் சொல்வது.

பத்திரிகையில் பழைய மண்டபம்தானே அச்சாகியிருக்கிறது, தெரியாமல் வருகிறவர்களைத் திருப்பிவிட வாசலில் ஒரு ஆள் வேண்டும் என்று பெண்ணின் அப்பா கேட்டார். அதற்கும் இவர் தலையாட்டினார். கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு பெரிய மண்டபத்தின் வாசலில் நின்றார். நான் பைக்கோடு நின்றேன். நடக்க முடியாதவர்களை மாடம்பாக்கத்தில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு.

உள்ளே வேறு யாருடைய கல்யாணமோ அமர்க்களமாக நடந்துகொண்டிருந்தது. நாதஸ்வரம், பன்னீர், கல்கண்டு. அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்களையும் இவர் கும்பிட்டார், நம் கல்யாணத்துக்கு வந்தவர்களையும் கும்பிட்டார்.

"வாங்க, வாங்க. பயணமெல்லாம் சௌகரியமா? அப்பா வரலையா?" இவர் இப்படி ஆரம்பித்து விஷயத்துக்கு வருவதற்குள் ஆள் பன்னீர் வாங்கிக்கொண்டு உள்ளே போயிருப்பார். நான் பின்னால் ஓடிப்போய்ப் பிடித்து இழுத்து வருவேன். "பெருசு, உன் கல்யாணம் இங்க இல்ல, மாடம்பாக்கம். ஏறு வண்டில." ஒரே மூச்சு. அதற்கு யாரும் அழவில்லை.

"அண்ணா, நீ வரவேற்பு குடுக்க நிக்கல. திருப்பி வுட நிக்கற. கீதா ஞாபகம்?"

"தெரியும்டா. வாசல்ல வந்தவங்களை எடுத்த எடுப்புல எப்படி..."

"எடுத்த எடுப்புலதான். வேற எப்பச் சொல்வ, பந்தி முடிஞ்சா?"

நான் ஒரு தாத்தாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது ஆட்டோவிலிருந்து ஒரு அக்கா இறங்குவதைப் பார்த்தேன். பச்சைப் பட்டு, கையில் சின்னப் பெட்டி, தூக்கம் இல்லாத கண். இவர் கும்பிடுவதையும் பார்த்தேன். அதற்குமேல் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது இவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். என் போன் அடித்தது. பெண்ணின் அப்பா.

"தம்பி, மாப்பிள்ளையோட அக்காவைக் காணோம். ரயிலு லேட்டாம், தாம்பரத்துல இறங்கி ஆட்டோ பிடிச்சுட்டேன்னு சொன்னாங்களாம். அப்புறம் போனே போகல. நாத்தனார் முடிச்சு அவங்கதான் போடணும். அக்கா வராம தாலியைத் தொடமாட்டேன்னு மாப்பிள்ளை உக்காந்துட்டார். முகூர்த்தம் முடியப் போவுது தம்பி. சம்பந்தி என்னைப் பார்க்கற பார்வையே சரியில்ல."

மூன்று முடிச்சில் ஒன்று மாப்பிள்ளை, மற்ற இரண்டும் அவருடைய சகோதரி. அவள் இல்லாமல் கட்ட முடியாது என்று சட்டம் இல்லை. ஆனால் கட்டிவிட்டு அந்தப் பேச்சை வாழ்நாள் பூராக் கேட்க வேண்டும்.

"அண்ணா, பச்சைப் பட்டு, சின்னப் பெட்டி. எங்க?"

அவர் உள்ளே பந்தி நடக்கும் பக்கம் பார்த்தார். "ரொம்பப் பசின்னாங்கடா. கண்ணை அடைக்குதுன்னாங்க. அந்த நேரத்துல வேற மண்டபம்னு எப்படிச் சொல்றது? முதல்ல சாப்பிடட்டும், வெளிய வந்ததும் சொல்லிக்கலாம்னு..."

"உள்ளயா உக்கார வெச்ச?"

தலையாட்டினார்.

நான் ஓடினேன். அவரும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். பந்தி நிறைந்திருந்தது. வரிசை வரிசையாக இலை. மூன்றாவது வரிசையில் அந்த அக்கா. அப்போதுதான் பொங்கல் வைத்துவிட்டு நகர்கிறார்கள். முதல் வாய் உள்ளே போய்விட்டது. சுற்றிலும் முன்பின் தெரியாத முகங்கள். ரயிலில் வந்த அசதியில் அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை போலிருக்கிறது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் யாரையும் எதையும் சொல்லிவிடுவேன், எனக்கு வாய் நீளம். ஆனால் இலையில் உட்கார்ந்து கை வைத்துவிட்ட ஆளை எழுப்புவது என்றால் எனக்கே கால் நின்றுவிட்டது. கடன்காரனைக்கூடச் சாப்பிட்டு முடிக்கும்வரை விட்டுவிடுவார்கள். நான் நின்றேன். அப்போது அவருடைய கை என் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தியது. நேராகப் போய் அவளுடைய இலைக்கு எதிரில் நின்றார்.

தொண்டையைச் செருமவில்லை. கண்ணாடியைத் தொடவில்லை.

"அம்மா, இது உங்க கல்யாணம் இல்ல. எழுந்திரிங்க."

வரிசையில் எல்லாக் கையும் நின்றுவிட்டது. சாம்பார் வாளி வைத்திருந்தவர் அப்படியே நின்றார். அந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னது?"

"உங்க தம்பி கல்யாணம் இங்க இல்ல. மண்டபம் மாறிடுச்சு. முகூர்த்தம் முடியப் போகுது. எழுந்திரிங்க."

பக்கத்து இலையில் இருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "சாப்பிடறவங்களை எழுப்பறியே, நீயெல்லாம் மனுஷனா? யாருய்யா இந்த ஆளை உள்ள விட்டது?"

அவர் அந்தப் பெரியவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எழுந்திரிங்கம்மா," என்றார் மூன்றாவது தடவையாக. எல்லாருக்கும் கேட்டது.

அவள் எழுந்தாள். இலையை மூடவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள். கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "இத வாசல்லயே சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கணும்மா. சொல்லல."

"நல்ல ஆளுய்யா நீரு," என்றாள். திட்டினாளா, மெச்சினாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க நேரமும் இல்லை. பைக்கில் ஏற்றினேன். பட்டுப் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் போடே, சீக்கிரம் போடே" என்று என் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தாள். மாடம்பாக்கம் சாலையில் தோண்டிப்போட்ட ஒரு பள்ளத்தையும் நான் விடவில்லை. எல்லாவற்றிலும் இறங்கி ஏறினோம்.

அவள் உள்ளே ஓடி மணவறையில் ஏறியதும் ஐயர் கையை உயர்த்தினார். கெட்டிமேளம் கொட்டியது. பெண்ணின் அப்பா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் அட்சதை இருந்தது, போட மறந்துவிட்டார். நான் என் பங்கைப் போட்டேன். மணவறைவரைக்கும் எட்டவில்லை, முன்னால் நின்ற ஒருவர் தலையில் விழுந்தது.

அந்த அக்காவின் பெட்டி பழைய மண்டபத்திலேயே இருந்தது. எடுத்துவரத் திரும்பிப் போனேன். அடுத்த பந்தி ஓடிக்கொண்டிருந்தது. அவள் உட்கார்ந்த இடத்தில் வேறு யாரோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் குழாயடிக்குப் பக்கத்தில், பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"கட்டிட்டாங்களா?"

"கட்டிட்டாங்கண்ணா. அந்த அக்காதான் கடைசி முடிச்சு. பொண்ணோட அப்பா உன்னைச் சாப்பிடக் கூட்டினு வரச் சொன்னாரு."

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், நான் எழுந்திரிங்கன்னு சொன்னேன்டா."

"தெரியும்ண்ணா. பக்கத்துலதான நின்னேன்."

"இல்லைன்னும் சொன்னேன்."

"ரெண்டு தபா சொன்ன."

"அவங்க எழுந்துட்டாங்கடா," என்றார். அழப்போகிறாரோ என்று பயந்தேன், சிரிப்பது மாதிரியும் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, ரொம்பச் சின்னக் குரலில் கேட்டார்.

"அவ்வளவுதானாடா அது?"

கிண்டல் பண்ண எனக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

"அவ்ளோதாண்ணா," என்றேன். அது சரிதானா என்று எனக்கும் தெரியாது.